‘ஹார்மோன் கோளாறு’ என்கிறார்களே: எந்த ஹார்மோன், எந்த நாளில்?

கல்யாணமாகி ஓராண்டு தாண்டிவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் முதலில் வரும் கேள்வி, “விசேஷம் ஒண்ணும் இல்லியா?” அடுத்த ஆண்டு அந்தக் கேள்வி ஆலோசனையாக மாறும். அப்புறம் ஒரு நாள் லேப் ரிப்போர்ட் ஒன்று கைக்கு வந்து சேரும். டி.எஸ்.எச்., புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஏ.எம்.எச். என்று வரிசையாக எழுத்துகள், பக்கத்தில் எண்கள், அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் தடித்த அச்சில். அதைப் பார்த்த யாரோ ஒருவர் “ஹார்மோன் கோளாறு” என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல் அந்தப் பெண்ணின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆணின்மேல் அது ஒட்டுவது அபூர்வம்.

ஹார்மோன் கோளாறு என்று ஒரு நோய் கிடையாது. தெருவில் கரண்ட் இல்லை என்றால் டிரான்ஸ்பார்மரில் பழுதா, கம்பத்தில் வயர் அறுந்ததா, நம் வீட்டு ஃபியூஸ் போனதா என்று கேட்டால்தான் சரி செய்ய முடியும். ஹார்மோனிலும் மூன்று கேள்விகள் உண்டு. எந்த ஹார்மோன்? அது எங்கிருந்து யாருக்குப் போகிறது? எந்த நாளில், எந்த நேரத்தில் அளந்தார்கள்? முதல் இரண்டையும் மருத்துவர்கள் ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவது கேள்விதான் அதிகம் விடுபடுகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்து வரும் பயத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஹார்மோன் என்பது என்ன

1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் ஒரு நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு, குடலில் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். நரம்பே இல்லாத நிலையிலும் கணையம் செரிமான நீரைச் சுரந்தது. அப்படியென்றால் செய்தி இரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தச் செய்திப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். 1905-ல் இத்தகைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் பயன்படுத்தினார். ‘தூண்டிவிடு’ என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல் அது.

சுருக்கமாகச் சொன்னால், உடலின் ஓரிடத்தில் சுரந்து இரத்தத்தில் கலந்து, தொலைவில் இருக்கும் இன்னொரு உறுப்புக்கு “இதைச் செய்” என்று சொல்லும் பொருள் ஹார்மோன். இரத்தம் எல்லா இடத்துக்கும் போகிறதே, எல்லா உறுப்பும் ஏன் கேட்பதில்லை? செய்தியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி எந்த செல்லில் இருக்கிறதோ அந்த செல் மட்டும்தான் கேட்கும். மற்றவற்றுக்கு அது காதில் விழாது.

அளவு மிகமிகக் குறைவு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு நானோகிராம். அதை இன்னும் ஆயிரம் பங்காக்கினால் ஒரு பிக்கோகிராம். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் பல இந்த அலகுகளில்தான் இருக்கும்.

வேதியியல்படி இரண்டு வகைகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஆக்ஸிடோசின் போன்றவை புரத வகை. வாய் வழியாகப் போனால் இவை சாப்பாட்டுப் புரதம்போலச் செரித்துவிடும், அதனால்தான் ஊசி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகும் ஸ்டீராய்டு வகை. இவற்றையும் இவற்றைப் போன்ற மருந்துகளையும் மாத்திரையாகத் தர வழி உண்டு. இந்த வேறுபாடு கட்டுரையின் பின்பகுதியில் பிராய்லர் கோழியைப் பற்றிப் பேசும்போது உதவும்.

அணையும் கடைமடையும்

இனப்பெருக்க ஹார்மோன்கள் மூன்று அடுக்காக வேலை செய்கின்றன. மேலே மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ். அது ஜி.என்.ஆர்.எச். என்ற செய்தியை, கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகிய இரண்டையும் இரத்தத்தில் விடுகிறது. அவை பெண்ணுக்குச் சினைப்பையிலும் ஆணுக்கு விந்தகத்திலும் போய் வேலை செய்ய, அங்கிருந்து ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் கிளம்புகின்றன.

திரும்பிப் போகும் செய்தியும் உண்டு. அதைப் பின்னூட்டம் என்பார்கள். பேச்சிப்பாறையில் ஷட்டரைத் திறந்தால் தண்ணீர் கால்வாய் வழியாகக் கடைமடைக் குளங்கள் வரை வரும். குளங்கள் நிறைந்த தகவல் மேலே போனால் ஷட்டரை இறக்குவார்கள். அதேபோல் சினைப்பையின் ஈஸ்ட்ரோஜன் கூடினால் “போதும்” என்ற செய்தி மூளைக்குப் போய் எஃப்.எஸ்.எச். குறைகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் எஃப்.எஸ்.எச். மிக அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான். சினைப்பையில் முட்டைகள் தீர்ந்துவிட்டதால் “போதும்” என்று பதில் சொல்ல ஆளில்லை. மேலிருப்பவர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். அங்கே கூடிய எண் ஓர் அறிகுறிதான். அதைக் குறைக்க மருந்து சாப்பிட்டால் முட்டை திரும்ப வராது.

விட்டுவிட்டுச் சுரப்பதன் ரகசியம்

இந்த அமைப்பில் எனக்கு மிக வியப்பானது ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் முறை. அது ஒரே சீராக ஒழுகுவதில்லை. மாதத்தின் முதல் பாதியில் ஏறக்குறைய 60 முதல் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு துடிப்பாக வரும். கருமுட்டை வெளியான பிறகு துடிப்புகளுக்கு இடையே சில மணி நேரம்கூட ஆகும்.

குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் புரியும். ஒன்றுவிட்ட நாளில் வெட்டினால் மரம் ஆண்டுக்கணக்கில் பால் தரும். இடைவெளி விடாமல் தினமும் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். பிட்யூட்டரியும் அப்படித்தான். 1970-களில் எர்ன்ஸ்ட் நோபில் என்ற விஞ்ஞானியின் குழு ரீசஸ் குரங்குகளில் இதைக் காட்டியது. ஜி.என்.ஆர்.எச்.-ஐ மணிக்கு ஒருமுறை கொடுத்தபோது எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் சுரந்தன. அதே பொருளைத் தொடர்ச்சியாகச் செலுத்தியபோது இரண்டும் அடங்கிப்போயின. மருந்து ஒன்றுதான். தாளம் மாறியதும் விளைவு நேரெதிராகிவிட்டது.

இன்று மருத்துவம் இந்த அடங்கிப்போகும் விளைவைப் பயன்படுத்துகிறது. ஆறு, ஏழு வயதிலேயே பருவமடையத் தொடங்கும் குழந்தைகளுக்கும், ஹார்மோனால் வளரும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும், சில செயற்கைக் கருத்தரிப்பு முறைகளிலும், நீண்ட நேரம் வேலை செய்யும் ஜி.என்.ஆர்.எச். ஊசியைப் போட்டு அந்த அமைப்பையே தற்காலிகமாக உறங்க வைக்கிறார்கள்.

துடிப்பின் வேகத்துக்கும் பொருள் உண்டு. வேகமான துடிப்பு எல்.எச்.-ஐக் கூட்டும், மெதுவான துடிப்பு எஃப்.எஸ்.எச்.-ஐ ஊக்குவிக்கும். நீர்க்கட்டிப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

ஒரு மாதத்தின் கணக்கு

28 நாள் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். 21 முதல் 35 நாள் வரை எதுவும் இயல்புதான்.

1. இரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் முதல் நாள். இந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் தாழ்வாக இருக்கும். தடுக்க ஆளில்லாததால் எஃப்.எஸ்.எச். லேசாக எழுந்து, சினைப்பையில் சில நுண்பைகளை வளர்க்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை.

2. ஒரு வாரத்தில் ஒரு பை மற்றவற்றை முந்திவிடும். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் எஃப்.எஸ்.எச்.-ஐக் குறைக்க, மற்றவை வாடிவிடும். அதே ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைக்கும்.

3. ஈஸ்ட்ரோஜன் உயர்ந்த அளவில் ஏறக்குறைய இரண்டு நாள் நீடித்தால் விதி தலைகீழாகிறது. “போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஹார்மோன் இப்போது “இன்னும்” என்கிறது. எல்.எச். ஒரே பாய்ச்சலாக எழும். அந்தப் பாய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் பை வெடித்து முட்டை வெளியே வரும்.

4. வெடித்த பையின் மிச்சம் மஞ்சள் நிறத் திசுவாக மாறும். கார்ப்பஸ் லூட்டியம் என்பார்கள். அது புரோஜெஸ்டிரோனைச் சுரந்து, தடித்த உட்சவ்வைக் கருவை ஏற்கத் தயாராக்கும். அதன் ஆயுள் ஏறக்குறைய 14 நாள்.

5. கரு தங்கவில்லை என்றால் அந்தத் திசு வாடும், புரோஜெஸ்டிரோன் இறங்கும், உட்சவ்வு உதிரும். அதுதான் மாதவிடாய்.

ஐந்தாவது கட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரத்தப்போக்கைத் தொடங்கி வைப்பது புரோஜெஸ்டிரோனின் இறக்கம். மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்குப் போகவோ, வீட்டில் ஒரு கல்யாணத்துக்காகவோ “தேதியைத் தள்ளிப்போட” பெண்கள் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை செய்வது இதைத்தான். நோரெதிஸ்டிரோன் என்ற அந்தச் செயற்கை ஹார்மோன், புரோஜெஸ்டிரோன் இறங்காததுபோல உடலை நம்ப வைக்கிறது. வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினால்தான் பலன். நிறுத்திய இரண்டு, மூன்று நாளில் இரத்தப்போக்கு வரும். வரவில்லை என்றால் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். இரத்தக்கட்டி வந்தவர்கள், கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதை மெடிக்கல் ஷாப்பில் தாங்களே கேட்டு வாங்கக் கூடாது. அண்ணி சாப்பிட்டாள், அக்கா சாப்பிட்டாள் என்பது இதற்குக் காரணமாகாது.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் இதே பின்னூட்டத்தின் மேல்தான் நிற்கிறது. சினைப்பை ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பதாக மூளை நம்பும், எல்.எச். பாய்ச்சல் வராது, முட்டை வெளியாகாது. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் மூன்று மாத ‘அந்தரா’ ஊசியும் இந்த வகைதான்.

எந்த நாளில் எந்தப் பரிசோதனை

மேலே சொன்ன மாதக் கணக்கை வைத்துக்கொண்டு லேப் ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்த்தால் பல எண்கள் வேறு மாதிரி தெரியும்.

1. எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜன்: மாதவிடாயின் 2 அல்லது 3-ம் நாளில் எடுக்க வேண்டியவை. 13-ம் நாளில் எடுத்தால் எல்.எச். பல மடங்கு தெரியும். அது அன்றைய நாளின் இயல்பு. எஃப்.எஸ்.எச்.-ஐ மட்டும் தனியாக எடுப்பதும் போதாது. ஈஸ்ட்ரோஜன் சீக்கிரமே கூடியிருந்தால் எஃப்.எஸ்.எச். அமுங்கிப்போய், சரியாக இருப்பதுபோலக் காட்டும்.

2. புரோஜெஸ்டிரோன்: “21-ம் நாள் டெஸ்ட்” என்று எழுதித் தருவார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மட்டுமே அது சரி. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுப்பதுதான் இதன் உண்மையான விதி. 35 நாளுக்கு ஒருமுறை வருபவர் 28-ம் நாள் போக வேண்டும். அவருக்கு 21-ம் நாளில் எடுத்துவிட்டு “முட்டையே வெடிக்கவில்லை” என்று சொல்வது அநியாயம்.

3. புரோலாக்டின்: தாய்ப்பாலை உண்டாக்கும் ஹார்மோன். தூக்கத்திலும் பதற்றத்திலும் ஏறும். எழுந்த உடனே எடுக்காமல் ஓரிரு மணி நேரம் கழித்து எடுப்பது நல்லது. சில மாத்திரைகளும் இதை ஏற்றும். வாயுத் தொல்லைக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சாப்பிடும் மாத்திரைகள் பலவற்றில் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. அது புரோலாக்டினைக் கூட்டும் மருந்து. லேசாகக் கூடிய எண்ணைப் பார்த்து மூளைக்கு ஸ்கேன் எடுக்க ஓடுவதற்கு முன், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

4. டி.எஸ்.எச்.: கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன். எந்த நாளிலும் எடுக்கலாம். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில லேப் இயந்திரங்களில் இதன் எண்ணைப் பொய்யாகக் காட்ட வைக்கும். சில நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

5. ஏ.எம்.எச்.: இதுவும் பெரும்பாலும் நாளைப் பொறுத்து மாறாது. இன்னும் எவ்வளவு முட்டைப் பைகள் இருக்கின்றன என்பதற்கு ஒரு குறிப்பு. செயற்கைக் கருத்தரிப்புக்கு ஊசியளவைத் தீர்மானிக்க மிகவும் பயன்படும். ஆனால் முட்டையின் தரத்தை அது சொல்லாது. மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண் இயற்கையாகக் கருத்தரிப்பாளா என்பதையும் சொல்லாது. மாதத்துக்கு வெளியே வருவது ஒரே முட்டைதானே! குறைந்த ஏ.எம்.எச். எண்ணைக் காட்டி இளம் தம்பதியைப் பயமுறுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

நீர்க்கட்டி என்ற பெயரின் தொல்லை

‘பி.சி.ஓ.டி.’, ‘நீர்க்கட்டி’ என்ற சொற்களைக் கேட்டதும் ஏதோ கட்டி வளர்ந்திருக்கிறது, அதை அகற்ற வேண்டும் என்று நினைக்கிறோம். ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல. வளரத் தொடங்கி, பாதி வழியில் நின்றுபோன நுண்பைகள் அவை. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்கு 8 முதல் 13 பேருக்கு இந்த நிலை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறிவந்திருக்கிறது.

பைகள் ஏன் நிற்கின்றன? இரண்டு இழுப்புகள் சேர்கின்றன. ஒன்று, ஜி.என்.ஆர்.எச். துடிப்பு வேகமாகிவிடுகிறது. அதனால் எல்.எச். கூடுகிறது, எஃப்.எஸ்.எச். போதாமல் போகிறது. துடிப்பை மெதுவாக்க வேண்டியது புரோஜெஸ்டிரோன். முட்டை வெளியாகாததால் அது வருவதில்லை. வராததால் துடிப்பு வேகமாகவே இருக்கிறது. சுற்றிச் சுற்றி ஒரே வட்டம். மற்றொன்று இன்சுலின். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படியாதபோது கணையம் அதிகமாகச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும். முகத்தில் ரோமம், பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் இதன் விளைவு.

சர்க்கரை நோய் இல்லாத பெண்ணுக்கு ஏன் சர்க்கரை மாத்திரை என்ற குழப்பத்துக்கு விடை இங்கே இருக்கிறது. மெட்ஃபார்மின் அந்த இன்சுலின் இழுப்பைத் தளர்த்துகிறது. எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே முட்டை வெளியாவது பலருக்குத் திரும்புகிறது. ஒல்லியானவர்களுக்கும் பி.சி.ஓ.டி. வரும் என்பதால், “உடம்பைக் குறை” என்று எல்லாரிடமும் சொல்வது தவறு. ஸ்கேனில் பைகள் தெரிந்தால் மட்டும் இந்த நோய் என்று முடிவு கட்டவும் முடியாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளம், ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

தைராய்டு ஏன் இதில் நுழைகிறது

கழுத்துச் சுரப்பிக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன தொடர்பு? தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்ற செய்தியைக் கூட்டும். அது டி.எஸ்.எச்.-ஐ மட்டுமல்லாமல் புரோலாக்டினையும் ஏற்றிவிடும். புரோலாக்டின் கூடினால் ஜி.என்.ஆர்.எச். துடிப்பு அடங்கும். முட்டை வெளியாவது தடுமாறும். பல பெண்களுக்குத் தைராய்டைச் சரிசெய்தாலே புரோலாக்டினும் மாதவிடாயும் தாமாக ஒழுங்காவது இந்தச் சங்கிலியால்தான்.

நம் மாவட்டத்தில் இங்கே ஒரு கேள்வி வரும்: மரச்சீனிக் கிழங்கு சாப்பிடலாமா? விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880-களில், திருவிதாங்கூரில் பரவலான இந்தக் கிழங்கு மீன்குழம்போடு நம் சாப்பாட்டின் உயிர். கிழங்கில் சயனைடை வெளியிடும் ஒரு பொருள் இருக்கிறது. அதை உடல் தயோசயனேட்டாக மாற்றும். தயோசயனேட், அயோடின் தைராய்டுக்குள் நுழைவதைத் தடுக்கும். இது உண்மை. ஆனால் அயோடின் பற்றாக்குறையும் சேர்ந்தால்தான் கழலை வரும் அளவுக்குப் போகும். நம் வீடுகளில் கிழங்கை வேகவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுகிறோமே, அந்தப் பழக்கம் நச்சின் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. கூடவே கடல் மீனும் அயோடின் உப்பும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கவலை தரக்கூடியது, வேறெதுவும் இல்லாமல் கிழங்கையே முக்கிய உணவாக வைத்து, அயோடின் சேராத கல்லுப்பையும் பயன்படுத்தும் வீடு.

கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் குழந்தையின் மூளை தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. அதனால், ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பெரும்பாலோருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும்.

கரு தங்கிய பிறகு

“முழுகாமல் இருக்கிறாள்” என்று சொல்லும் நாள் வருவதற்கு முன்பே கரு தன் முதல் செய்தியை அனுப்பிவிட்டிருக்கும். அதன் பெயர் எச்.சி.ஜி. வாடவிருந்த கார்ப்பஸ் லூட்டியத்தை அது “இரு, போகாதே” என்று பிடித்து நிறுத்துகிறது. புரோஜெஸ்டிரோன் தொடர, உட்சவ்வு உதிராமல் நிற்கிறது. ஏறக்குறைய 7 முதல் 9 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்.

மெடிக்கலில் வாங்கும் கார்டு சிறுநீரில் இந்த எச்.சி.ஜி.-யைத்தான் தேடுகிறது. ஆரம்ப வாரங்களில் இது ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். எனவே ஒரு நாளின் எண்ணை வைத்துக் கரு நன்றாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது எண்தான் பேசும். முட்டை வெளியாவதற்காக எச்.சி.ஜி. ஊசி போட்டவர்கள் பத்துப் பதினான்கு நாளைக்குள் கார்டில் பார்த்தால் இரண்டு கோடு வரலாம். அது ஊசியின் கோடாகவும் இருக்கலாம். அந்த ஏமாற்றத்தைத் தாங்குவது கடினம். முன்கூட்டியே சொல்லிவைப்பது மருத்துவமனையின் கடமை.

பேறுகாலத்தில் ஆக்ஸிடோசின். குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்த, ஆக்ஸிடோசின் சுரக்க, வலி கூட, இன்னும் அழுத்த, இன்னும் சுரக்க, பிள்ளை வெளியே வரும்வரை இது ஏறிக்கொண்டே போகும். இரத்தத்தில் இது சில நிமிடங்களே நிற்கும். வலி வருவதற்கான மருந்தை டிரிப்பில் சொட்டுச்சொட்டாக ஏற்றுவது அதனால்தான். பிறகு பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் அதே ஆக்ஸிடோசின் பாலை வெளியே தள்ளும். பாலை உண்டாக்குவது புரோலாக்டின். அது முட்டை வெளியாவதையும் அடக்கும் என்பதால் பாலூட்டும் காலத்தில் கருத்தரிக்க மாட்டோம் என்று நம்புகிறார்கள். மூன்றும் ஒருங்கே இருந்தால் நம்பலாம்: குழந்தைக்கு 6 மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை. ஒன்று தவறினாலும் போச்சு. முதல் மாதவிடாய்க்கு முன்பே முட்டை வெளியாகிவிடக்கூடும்.

பிராய்லர் கோழியும் சீக்கிரம் வயதுக்கு வருவதும்

“கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்று பெண்பிள்ளைகள் சீக்கிரம் பெரியவளாகிறார்கள்” என்ற பேச்சு மீன்சந்தை முதல் பள்ளிக்கூட வாசல் வரை உண்டு. வளர்ச்சி ஹார்மோன் புரத வகை. கோழிக்கறியில் இருந்தாலும் வெந்து, நம் வயிற்றில் செரித்துவிடும். ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்துப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போடுவதும் கட்டுப்படியாகாது. கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எட்டுவது பல பத்தாண்டுகள் இனத்தேர்வு செய்ததாலும் தீவனத்தாலும்தான். கோழிப் பண்ணைகளில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஆன்டிபயாடிக் பயன்பாடு. அது தனிக் கதை.

பருவத்தைத் தொடங்கி வைப்பது ஹைப்போதலாமஸ். கிஸ்பெப்டின் என்ற செய்திப் பொருள் அங்கே ஜி.என்.ஆர்.எச்.-ஐ எழுப்புகிறது. உடலில் போதிய கொழுப்பு சேர்ந்துவிட்டதா என்பதை லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குச் சொல்லும். இரண்டு தலைமுறைக்கு முன்பைவிட நம் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், எடையும் கூடுதல். வயது முன்னே நகர்வதன் பெரும்பகுதி இதில் இருக்கிறது. 8 வயதுக்கு முன் பெண் குழந்தைக்கோ, 9 வயதுக்கு முன் ஆண் குழந்தைக்கோ பருவ மாற்றம் தொடங்கினால் கோழியை நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆணின் பக்கம்

விந்தகத்தில் எல்.எச். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது, எஃப்.எஸ்.எச். விந்தணு வளர உதவுகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், முதிர்ந்து வெளியே வர இன்னும் ஓரிரு வாரம். இன்று எடுக்கும் மாதிரி மூன்று மாதத்துக்கு முந்தைய உடல்நிலையைத்தான் காட்டும். இடையில் டெங்கு வந்திருந்தால் எண்ணிக்கை சரிந்திருக்கும். அதை நிரந்தரமான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும், குழந்தையும் எளிதாகப் பிறக்கும் என்பது நேர்மாறான நம்பிக்கை. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்ததும் மூளை ஷட்டரை இறக்கிவிடும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். விழும். விந்தகத்துக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த உள்ளூர் உற்பத்தி நின்றுபோகும். விந்தணு பூஜ்யம்வரைகூட இறங்கலாம். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனமே 1990-களில் சோதித்துப் பார்த்திருக்கிறது என்றால் புரிந்துகொள்ளலாம். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மீளும். ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேல்.

லீவும் கடலும்: கணக்கில் வராத மாதங்கள்

‘குழந்தையின்மை’ என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, கருத்தடை இல்லாமல் 12 மாதம் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காமல் இருப்பது. ‘ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்தும்’ என்ற பகுதியை நாம் கவனிப்பதில்லை.

நம் மாவட்டத்தில் கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் எத்தனை! தூத்தூர் பக்கத்துக் கடலோர ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். முட்டை வெளியே வந்து உயிரோடு இருப்பது ஒரு நாள் அளவுதான். விந்தணு 5 நாள்வரை தாங்கும். எனவே ஒரு மாதத்தில் கருத்தரிக்கக்கூடியவை, முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும் சேர்ந்து 6 நாட்கள் மட்டுமே. குறையொன்றும் இல்லாத இளம் ஜோடிக்கும் ஒரு சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 100-க்கு 20 முதல் 25.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 30 நாள் லீவில் வருபவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு 6 நாள். மூன்று ஆண்டில் மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் 100-க்கு 20 முதல் 25 என்றால், மூன்று வாய்ப்பு முடிந்த பிறகும் இத்தகைய ஜோடிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குக் குழந்தை உண்டாகியிருக்காது. எந்த ஹார்மோனும் குறையாமலேயே! ஆண்டு முழுவதும் சேர்ந்திருக்கும் ஜோடிகளில் 100-க்கு ஏறக்குறைய 85 பேர் ஓராண்டுக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள். “மூணு வருஷமாச்சே” என்று ஊர் சொல்வதும் உடல் எண்ணும் மூன்று மாதமும் ஒன்றல்ல. பிரிந்திருந்த மாதங்களையும் சேர்த்து எண்ணி அந்தப் பெண்ணுக்கு மாத்திரையும் ஊசியும் தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன்.

இதையே காரணம் காட்டிச் சும்மா இருந்துவிடவும் கூடாது. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தாலும், மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தாலும், இருவரில் ஒருவருக்கு முன்பே அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும் காத்திருக்காமல் காட்டிவிடுவது நல்லது.

லீவுக்கு வருபவர்கள் செய்யக்கூடியவை சில:

1. மனைவி முந்தைய ஆறு மாதத்தின் மாதவிடாய்த் தேதிகளைக் குறித்து வைத்தால் டிக்கெட் தேதியை அதற்கேற்பப் போடலாம். 28 முதல் 30 நாள் சுழற்சிக்காரர்களுக்கு 10-ம் நாள் முதல் 17-ம் நாள் வரை கணவர் வீட்டில் இருக்க வேண்டும்.

2. எல்.எச். பாய்ச்சலைக் காட்டும் சிறுநீர் பட்டைகள் மெடிக்கலில் கிடைக்கும். கோடு தெளிந்தால் அடுத்த ஒன்றரை நாளில் முட்டை வெளியாகும். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதும் கூடியிருப்பதால் இந்தப் பட்டை ஏமாற்றும்.

3. கணவரின் விந்துப் பரிசோதனையை லீவின் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் முதலிலேயே முடிக்க வேண்டும். இருக்கும் பரிசோதனைகளில் செலவும் சிரமமும் குறைந்தது இதுதான். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. மாதிரி கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்க வேண்டும். படகிலிருந்து இறங்கிய அன்றே, ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு கொடுத்தால் விந்தணுவின் அசைவு குறைவாகத் தெரியும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், குளிரும் வெயிலும் படாமல், சட்டைக்குள் உடல் சூட்டோடு வைத்து லேபில் சேர்த்துவிட வேண்டும். முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் இன்னொரு முறை எடுத்துப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச வேண்டும்.